குழந்தை துன்பத்தில் இருக்கிறதா? புதிதாகக் குழந்தைகளோடு பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியில் முதல் வேலையில் சேர்ந்திருக்கலாம். டியூஷன் எடுக்கத் தொடங்கியிருக்கலாம். விளையாட்டுப் பயிற்சி தருபவராகவோ, காப்பகத்தில் உதவி செய்பவராகவோ இருக்கலாம். அல்லது தெரிந்தவர் வீட்டுக் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கலாம். இவர்களில் யாராக இருந்தாலும் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குற்றத்தைக் கண்டுபிடிப்பதோ நிரூபிப்பதோ உங்கள் வேலை கிடையாது. கவனிப்பது, எழுதி வைப்பது, சரியான ஆளிடம் சொல்வது, அவ்வளவுதான். விசாரிக்க அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். இது தெரியாததால்தான் நல்லவர்கள்கூட வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். "உறுதியாகத் தெரியாமல் ஒரு குடும்பத்தின் மேல் பழி போடலாமா?" என்று தயங்குகிறார்கள். நியாயமான சந்தேகம் இருந்தால் போதும், சொல்லலாம்.

இந்தத் தயக்கம் மருத்துவர்களுக்கே நெடுங்காலம் இருந்தது. தலைக்குள் ரத்தக்கசிவு இருந்த சில கைக்குழந்தைகளின் எக்ஸ்ரேயில் கை, கால் எலும்பு முறிவுகளும் சேர்ந்தே தெரிவதை 1946-லேயே ஜான் கேஃபி என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். அது பெரியவர்கள் அடித்ததால் வந்தது என்று மருத்துவ உலகம் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது 1962-ல், ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். படம் கண் முன்னால் இருந்தது. வளர்ப்பவர்களே இப்படிச் செய்வார்கள் என்று நம்பத்தான் மனம் வரவில்லை. நமக்கும் வராது. அதனால்தான் அறிகுறிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1. முதலில், சாதாரணம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

துன்புறுத்தலை நான்கு வகையாகப் பிரிப்பது வழக்கம்: உடலைக் காயப்படுத்துவது, மனதைக் காயப்படுத்துவது, பாலியல் கொடுமை, கவனிக்காமல் விட்டுவிடுவது. நிஜத்தில் இவை தனித்தனியாக வருவது குறைவு. அடி வாங்கும் குழந்தை பெரும்பாலும் வசவும் வாங்குகிறது.

இந்த வகைகளை மனப்பாடம் செய்வதைவிட உங்கள் முன்னால் இருக்கும் குழந்தையின் இயல்பைத் தெரிந்துகொள்வது முக்கியம். எந்த வயதில் என்ன செய்ய முடியும் என்ற பொது அறிவு ஒரு பக்கம். பெரும்பாலான குழந்தைகள் 4 முதல் 6 மாதத்துக்குள் குப்புற விழுகின்றன, ஒரு வயதை ஒட்டி நடக்கத் தொடங்குகின்றன. இன்னொரு பக்கம், இந்தக் குறிப்பிட்ட குழந்தை எப்போதும் எப்படி இருக்கும் என்பது. பிறவியிலேயே கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை பேசாமல் இருந்தால் அதில் செய்தி எதுவும் இல்லை. வாயாடியாக இருந்த பிள்ளை இரண்டு வாரமாகப் பேசவில்லை என்றால் செய்தி இருக்கிறது.

மாற்றத்துக்கு வேறு காரணங்களும் இருக்கும். தம்பி, தங்கை பிறந்திருக்கலாம். வீட்டில் ஒரு மரணம், பெற்றோர் பிரிவு, வீடு மாறியது, வகுப்பில் யாரோ சீண்டுவது, உடம்பு சரியில்லாதது என்று எதுவும் இருக்கலாம். கீழே சொல்லப்போகும் அறிகுறிகளில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

2. காயத்தைப் பார்த்தால்: இடம், வடிவம், கதை

ஓடி ஆடும் குழந்தைக்கு அடிபடத்தான் செய்யும். முழங்கால், முழங்கைக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே எலும்பு முன்னால் துருத்தும் இடம், நெற்றி, தாடை முனை போன்ற இடங்களில் ரத்தக்கட்டு இருந்தால் விளையாடியிருக்கிறது என்று அர்த்தம். விழும்போது முதலில் தரையில் படுவது இவைதான்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் வேறு. குழந்தைகள் அவசரசிகிச்சை மருத்துவர்கள் 2010-ல் ஒரு விதியை முன்வைத்தார்கள், 2021-ல் அதை இன்னும் பெரிய அளவில் சோதித்து விரிவாக்கினார்கள். 4 வயது நிறையாத குழந்தைக்கு மார்பு, வயிறு, முதுகு, புட்டம், பிறப்புறுப்பு, காது, கழுத்து ஆகிய இடங்களில் ரத்தக்கட்டு இருந்தால் கவனிக்க வேண்டும். அதோடு கன்னத்தின் சதைப்பகுதி, தாடை எலும்பு திரும்பும் இடம், கண் இமை, கண்ணின் வெள்ளைப் பகுதியில் ரத்தச் சிவப்பு, மேலுதட்டையும் ஈறையும் சேர்க்கும் மெல்லிய சதை கிழிந்திருப்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காது தனியாகக் குறிப்பிடத் தக்கது. தவறி விழுந்து காதில் அடிபடுவது அரிது, ஏனென்றால் தலையும் தோளும் அதைக் காப்பாற்றிவிடும். பெரும்பாலும் அறைந்தாலோ, பிடித்துத் திருகினாலோதான் அங்கே நிறம் மாறும்.

முதல் விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. 5 மாதம் நிறையாத குழந்தையின் உடம்பில் எந்த இடத்தில் ரத்தக்கட்டு இருந்தாலும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். உருளக்கூட முடியாத குழந்தை தானாக எங்கும் இடித்துக்கொள்ளாது. "ஒரே ஒரு சின்னப் புள்ளிதானே" என்று விட்டதற்குப் பிறகு பெரிய காயத்தோடு திரும்பி வந்த கைக்குழந்தைகளைப் பற்றி மருத்துவப் பதிவுகள் நிறையவே சொல்கின்றன.

அடுத்து வடிவம். விழுந்த காயத்துக்கு ஒழுங்கான உருவம் இருக்காது. பெல்ட்டின் கொக்கி, மடித்த ஒயரின் வளைவு, விரல்களின் இடைவெளியோடு வரிவரியாகப் பதிந்த அறை, பல் தடம் எல்லாம் அந்தப் பொருளின் உருவத்தையே தோலில் விட்டுச்செல்லும். மணிக்கட்டையோ கணுக்காலையோ சுற்றி வளையமாகத் தழும்பு இருந்தால் கட்டி வைத்திருக்கலாம். சூட்டுக் காயத்தைக் கவனிப்பது சற்று நுணுக்கமானது. சுடுநீர் பாத்திரத்தைக் குழந்தை தானே இழுத்துக் கொட்டிக்கொண்டால் மேலிருந்து கீழே ஒழுங்கில்லாமல் வழியும், சுற்றிலும் தெறித்திருக்கும், கீழே போகப் போக காயத்தின் ஆழம் குறையும். பிடித்துச் சுடுநீரில் அமுக்கினால் இரண்டு கால்களிலும் சாக்ஸ் போட்டதுபோல் ஒரே மட்டத்தில் கோடு விழும், தெறிப்பு இருக்காது. சிகரெட்டால் சுட்டால் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் அளவில் வட்டமாக, ஆழமாக இருக்கும். தெரியாமல் உரசியிருந்தால் ஒரு பக்கமாக இழுபட்டு மேலோட்டமாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கதை. காயத்துக்குச் சொல்லும் காரணமும் காயமும் பொருந்துகின்றனவா? இரண்டு மாதக் குழந்தை "கட்டிலில் இருந்து உருண்டு விழுந்தது" என்றால் பொருந்தவில்லை. அம்மா ஒன்றும் அப்பா ஒன்றும் சொன்னால் பொருந்தவில்லை. நேற்று மாடிப்படி, இன்று சைக்கிள் என்று கதை மாறினால் பொருந்தவில்லை. பெரிய காயத்துக்கு இரண்டு நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனார்கள் என்றால் அதுவும் குறித்து வைக்க வேண்டியதுதான். நல்ல பெற்றோரும் சில நேரம் தாமதமாகப் போவதுண்டு, ஆனால் ஏன் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியும்.

சில எச்சரிக்கைகள். ரத்தக்கட்டின் நிறத்தைப் பார்த்து "இது மூன்று நாள் பழையது" என்று யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. மருத்துவர்களுக்கே அது முடிவதில்லை, நீங்களும் முயல வேண்டாம். கறுத்த தோலில் ரத்தக்கட்டு எளிதில் தெரியாது. வீக்கம், தொட்டால் வலி, ஒரு பக்கத்தைத் தாங்கித் தாங்கி நடப்பது போன்றவையே அங்கே அறிகுறி. இடுப்பிலும் புட்டத்திலும் பிறவியிலேயே சாம்பல் நீல நிறத்தில் இருக்கும் மச்சத்தை அடிபட்டதாக நினைத்துவிடாதீர்கள். அது வலிக்காது, சில நாளில் மறையவும் செய்யாது. ரத்தம் உறையாத நோய்களிலும் எலும்பு எளிதில் முறியும் நோயிலும் காயங்கள் அடிக்கடி வரும். அதைப் பிரித்துப் பார்ப்பது மருத்துவர் வேலை.

இன்னொன்றும் உண்டு. காயம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழந்தையின் ஆடையை நீங்கள் விலக்கக் கூடாது. தானாகக் கண்ணில் பட்டதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. கைக்குழந்தை என்றால் தாமதிக்காதீர்கள்

அழுகையை நிறுத்த முடியாமல் ஆத்திரத்தில் குழந்தையைப் பிடித்துக் குலுக்குபவர்கள் இருக்கிறார்கள். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். காரணமில்லாமல் வாந்தி, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, மூச்சு விடத் திணறல், உச்சிக்குழி புடைத்திருப்பது போன்றவை தெரிந்தால் யார் செய்தார்கள் என்று யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று நினைத்து நேரம் போய்விடும் ஆபத்து இதில் அதிகம்.

குழந்தை வீறிட்டு அழும் முதல் சில மாதங்களில், பிறரிடம் கொடுத்துவிட்டோ பாதுகாப்பான இடத்தில் படுக்க வைத்துவிட்டோ சில நிமிடம் வேறு அறைக்குப் போவதில் தவறே இல்லை. புதிய பெற்றோரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

4. கவனிக்காமல் விடப்பட்ட குழந்தை

செய்திகளில் அதிகம் வராதது இது. பல நாடுகளின் பதிவுகளில் மிக அதிகமாக இருப்பதும் இதுதான். அடித்த தழும்பைப்போல இதற்கு ஒரு நாள், நேரம் என்று இருக்காது. மெல்ல மெல்ல நடக்கும், அதனால் பார்ப்பவர்களுக்கும் பழகிப்போய்விடும்.

எப்போதும் பசியோடு வருவது, மற்ற பிள்ளைகளின் சாப்பாட்டை எடுப்பது, தட்டில் மீந்ததைப் பையில் ஒளித்து வைப்பது. குளிர் நாளில் மெல்லிய சட்டை, நாள்கணக்கில் துவைக்காத ஒரே உடை. பல் சொத்தையாகி வீங்கியும் பல் மருத்துவரைப் பார்க்காதது. கண்ணாடி வேண்டும் என்று சொல்லி மாதங்கள் ஆகியும் வாங்காதது. ஆஸ்துமா போன்ற நோய்க்கு மருந்து இருந்தும் தராமல் விடுவது. தடுப்பூசிகள் விட்டுப்போவது. அடிக்கடி பள்ளிக்கு வராதது, வந்தாலும் மேசையில் தலை வைத்துத் தூங்குவது. வீடு திரும்பப் பிடிக்காமல் பள்ளியிலேயே சுற்றிக்கொண்டிருப்பது. ஏழு வயதுப் பிள்ளை கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது. சின்னக் குழந்தைகளிடம் வளர்ச்சி அட்டைதான் (வயதுக்கேற்ற எடையைக் கோடுகளாகக் காட்டும் அட்டை) பெரிய சாட்சி. ஒரு கோட்டில் போய்க்கொண்டிருந்த எடை திடீரென்று இரண்டு கோடுகள் கீழே இறங்கினால் காரணம் தேட வேண்டும். நோயாகவும் இருக்கலாம். ஆனால் மருத்துவமனையில் சேர்த்தவுடன் நன்றாகச் சாப்பிட்டு எடை ஏறி, வீட்டுக்குப் போனதும் மறுபடி இறங்கினால் மருத்துவர் குழு கேட்க வேண்டிய கேள்வி வேறு.

இந்த இடத்தில் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். வறுமையும் புறக்கணிப்பும் ஒன்றல்ல. கிழிந்த உடையும் காலி வயிறும் பணமில்லாததாலும் வரும். பணமில்லாத வீட்டில் பெரியவர்கள் தாங்கள் சாப்பிடாமல் பிள்ளைக்கு ஊட்டுவதைப் பார்க்கிறோம். வசதியான வீட்டில் விலையுயர்ந்த ஃபோனோடு நாள் முழுக்க யாரும் திரும்பிப் பார்க்காத பிள்ளைகளையும் பார்க்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உதவி கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தும், சொல்லியும், அந்தக் குழந்தைக்கு வேண்டியது தொடர்ந்து கிடைக்காமல் போகிறதா? ஏழைக் குடும்பத்துக்குத் தேவை உதவி. அவர்களைக் குற்றவாளி ஆக்குவதால் குழந்தைக்கு நன்மை எதுவும் இல்லை.

பெரியவர்களில் யாருக்காவது குடிப் பழக்கமோ கடுமையான மன அழுத்தமோ இருப்பதும், வீட்டுக்குள் அடிதடி நடப்பதும் புறக்கணிப்போடு சேர்ந்தே வரும். அம்மா அடி வாங்குவதைப் பார்த்து வளரும் குழந்தை, தன் மேல் ஒரு அடிகூடப் படாவிட்டாலும், பாதிக்கப்பட்ட குழந்தைதான்.

5. பாலியல் கொடுமை: உடம்பில் தேடாதீர்கள், நடத்தையைப் பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் சொல்வது: பெண்களில் 5 பேரில் ஒருவர் குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறியிருக்கிறார்கள். ஆண் பிள்ளைகளும் பெரும் எண்ணிக்கையில் பாதிக்கப்படுகிறார்கள், அவர்கள் வெளியே சொல்வது இன்னும் குறைவு. செய்பவர் பெரும்பாலும் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் நன்றாகத் தெரிந்தவர். முகம் தெரியாத அந்நியரைப் பற்றி மட்டும் பிள்ளைகளை எச்சரிப்பது அதனால்தான் போதாது.

மருத்துவப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் இப்படிப் பாதிக்கப்பட்டுப் பரிசோதனைக்கு வரும் குழந்தைகளில் 10-ல் 9 பேருக்கு மேல் உடம்பில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. அந்தப் பகுதியின் தோல் வேகமாக ஆறிவிடும். பல வகையான கொடுமைகள் காயமே ஏற்படுத்துவதில்லை. ஆகவே "டாக்டர் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார், பிள்ளை பொய் சொல்கிறது" என்ற முடிவு தவறு. அதேநேரம் சிலவற்றை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது: உட்காரவும் நடக்கவும் வலி, அந்தரங்க இடத்தில் ரத்தம், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, பாலுறவால் பரவும் நோய், சிறுமி கர்ப்பமாக இருப்பது.

நடத்தையில் தெரிவதே அதிகம். சிறுநீரைக் கட்டுப்படுத்தப் பழகிய பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பது, மறந்த விரல் சூப்பும் பழக்கம் திரும்புவது, கெட்ட கனவு, இருட்டைப் பார்த்துப் புதிதாக பயம். குளிப்பாட்டவோ உடை மாற்றவோ போனால் அலறுவது. குறிப்பிட்ட ஒருவர் வரும்போது மட்டும் வேறொருவரை ஒட்டிக்கொள்வது, ஒளிந்துகொள்வது, வயிறு வலிக்கிறது என்பது. "அந்த மாமா வீட்டுக்குப் போகமாட்டேன்" என்று அடம்பிடித்தால் அடத்தைத் திட்டுவதற்கு முன் ஏன் என்று ஒரு முறை கேளுங்கள்.

பாலியல் அறிவும் விளையாட்டும் தனியாகப் புரிந்துகொள்ள வேண்டியவை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் தங்கள் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதும், ஒத்த வயதுப் பிள்ளையோடு டாக்டர் விளையாட்டு விளையாடுவதும் இயல்பு. "வேண்டாம், வா, வேறு விளையாடலாம்" என்றால் போய்விடுவார்கள். வயதுக்கு மீறிய செயலை அப்படியே செய்து காட்டுவது, தன்னைவிடச் சிறிய பிள்ளையைக் கட்டாயப்படுத்துவது, தடுத்தாலும் நிறுத்த முடியாமல் இருப்பது ஆகியவை இயல்புக்குள் வராது. அந்தப் பிள்ளையைக் "கெட்ட பிள்ளை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்கோ பார்த்திருக்கலாம் அல்லது அதற்கு யாரோ செய்திருக்கலாம்.

வளர்ந்த பிள்ளைகளிடம் இதே வலி கோபமாக வெளிவரும். கையைக் கீறிக்கொள்வது, வெயிலிலும் முழுக்கைச் சட்டை, வீட்டை விட்டு ஓடுவது, போதை, மதிப்பெண் திடீர்ச் சரிவு. "திமிர் பிடித்துவிட்டது" என்று நாம் பெயர் வைத்துவிடுவோம். அந்தப் பெயர் ஒட்டிவிட்டால் பிறகு அந்தப் பிள்ளை என்ன சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை.

பெரியவரையும் பாருங்கள். குழந்தையை வசப்படுத்தும் ஆள் அவசரப்படமாட்டார். முதலில் குடும்பத்தின் நம்பிக்கையைச் சம்பாதிப்பார். பிறகு ஒரு குழந்தைக்கு மட்டும் பரிசு, தனிச் சலுகை, தனியாக வெளியே அழைத்துப் போவது. விளையாட்டுப்போலத் தொடுவது, கிச்சுகிச்சு மூட்டுவது, குழந்தை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதது. "இது நமக்குள் ரகசியம்" என்று சின்னச் சின்ன ரகசியங்களைப் பழக்குவது. கடைசியில் மிரட்டல், அல்லது "நீயும்தானே ஒத்துக்கொண்டாய்" என்று குழந்தையின் தலையிலேயே பழி. இணையத்திலும் இதே வழிதான், வேகம் மட்டும் அதிகம். விளையாட்டில் அறிமுகமாகி, தனி உரையாடலுக்கு அழைத்து, ஒரு படம் கேட்டு, அந்தப் படத்தை வைத்தே மிரட்டுவார்கள். செய்தி வந்த சத்தம் கேட்டாலே பிள்ளை முகம் வெளிறுகிறதா, ஆள் வந்தால் திரையை மறைக்கிறதா, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணமோ பொருளோ இருக்கிறதா என்று கவனியுங்கள்.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் மேல் கூடுதல் கவனம் வேண்டும். 2012-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, மற்ற குழந்தைகளைவிட அவர்கள் ஏதாவது ஒரு வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு 3.7 மடங்கு. பேச முடியாத குழந்தையிடம் வரும் மாற்றத்தை "அதன் குறைபாடுதான்" என்று எல்லாரும் தள்ளிவிடுவதும் இதற்கு ஒரு காரணம்.

6. மனதில் விழும் அடி

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாள் கோபத்தில் கத்துவதைப் பற்றிப் பேசவில்லை. "நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்பது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது, விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று பயமுறுத்துவது, மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதது, நண்பர்களோடு பழகவே விடாதது என்று நாள்தோறும் நடப்பது. அந்தக் குழந்தை சின்னத் தவறுக்கும் நடுங்கும். பெரியவர் கையை உயர்த்தினால் தலையைக் குனியும். "நான் முட்டாள்" என்று தானே சொல்லிக்கொள்ளும். சில பிள்ளைகள் அளவுக்கு மீறி நல்ல பிள்ளையாக இருப்பார்கள். எல்லாரையும் சந்தோஷப்படுத்தப் பார்த்துக்கொண்டு, பெரியவர்களின் முகத்தையே படித்துக்கொண்டு இருக்கும் குழந்தை எந்தத் தொந்தரவும் தராது, அதனாலேயே யார் கண்ணிலும் படாது.

7. எழுதி வையுங்கள்

அன்றே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், பார்த்தது, கேட்டது, உங்கள் பெயர். கருத்து வேண்டாம். "இவனை வீட்டில் கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "திங்கள் காலை 9.10. இடது காதின் பின்புறம் நீல நிறம், கட்டைவிரல் நகம் அளவு. என்ன ஆச்சு என்று கேட்டேன். 'கதவுல இடிச்சுக்கிட்டேன்' என்றான். மாலையில் அழைக்க வந்தவர் 'பந்து பட்டது' என்றார்" என்று எழுதினால் அது விசாரிப்பவருக்குப் பொன். குழந்தை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். உடல் உறுப்புக்கு அது என்ன பெயர் சொன்னதோ அதையே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அந்தத் தாளைப் பூட்டி வையுங்கள், சக ஊழியர் குழுவில் பகிராதீர்கள். காயத்தைச் சொந்த ஃபோனில் படமெடுக்கவும் வேண்டாம்.

இந்தக் குறிப்புகளின் அருமை இரண்டு மாதம் கழித்துத் தெரியும். தனித்தனியாகப் பார்த்தபோது ஒன்றுமில்லாததுபோல் இருந்த ஐந்து விஷயங்கள் வரிசையாகப் படிக்கும்போது வேறு கதை சொல்லும்.

8. குழந்தை உங்களிடம் சொல்லத் தொடங்கினால்

நேரடியாகச் சொல்வது அபூர்வம். "என் ஃபிரெண்டுக்கு ஒரு பிரச்சினை" என்றோ, "நான் ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?" என்றோ ஓரமாகத் தொடங்கும். அந்த நேரத்தில் கையில் உள்ள வேலையை வைத்துவிடுங்கள். நல்ல நேரம் பார்த்து அது வராது.

முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். நீங்கள் பதறினால் உங்களைக் காப்பாற்றுவதற்காகவே குழந்தை பேச்சை நிறுத்திவிடும். "சொல்லு, கேட்கிறேன்", "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற அளவில் மட்டும் கேளுங்கள். "அப்பாதான் அடிச்சாரா?", "இங்கே தொட்டாரா?" என்று பதிலைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் பெரியவர் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிவிடுவார்கள், பின்னால் வழக்கு அதில்தான் உடையும். "ஏன் முன்னாடியே சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள். குழந்தையின் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். வேறு ஆசிரியரை அழைத்து "இவரிடமும் சொல்லு" என்று மறுபடி சொல்ல வைக்காதீர்கள்.

மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். நீ சொன்னது நல்லது. உன் மேல் தப்பு இல்லை. உனக்கு உதவி செய்யப் பார்க்கிறேன். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். குழந்தை கெஞ்சினாலும், "உனக்கு உதவி செய்ய வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன், வேறு யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு பெரியவர் அதன் நம்பிக்கையை உடைத்திருக்கிறார், இன்னொருவர் பொய்ச் சத்தியம் செய்யக் கூடாது.

மறுநாள் அதே குழந்தை "நான் சும்மா சொன்னேன்" என்று பின்வாங்கலாம். இதையும் எதிர்பார்த்திருங்கள். ரகசியம், கையாலாகாத நிலை, சிக்கிக்கொண்டு அதற்கே பழகிப்போவது, தாமதமாகவும் தயங்கியும் சொல்வது, பிறகு சொன்னதைத் திரும்பப் பெறுவது என்று இது படிப்படியாக நடப்பதை ரோலண்ட் சம்மிட் என்ற மனநல மருத்துவர் 1983-லேயே விவரித்திருக்கிறார். சொன்ன பிறகு வீட்டில் நடந்த அழுகையும் மிரட்டலும் குழந்தையை வாயடைக்க வைக்கும். பின்வாங்கியதையும் தேதி போட்டு எழுதுங்கள், முதலில் சொன்னதைக் கிழிக்காதீர்கள்.

9. யாரிடம் சொல்வது

குழந்தைக்கு இப்போதே ஆபத்து என்றால் காவல்துறை அல்லது ஆம்புலன்ஸ், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அந்த அளவு அவசரம் இல்லை என்றால் உங்கள் நிறுவனத்தில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் யார் என்றும், உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண் எது என்றும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. தேவைப்படும் நாளில் தேட நேரம் இருக்காது. பல நாடுகளில் ஆசிரியர், மருத்துவர் போன்றவர்கள் சந்தேகத்தைத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம், சில நாடுகளில் எல்லாருக்கும் கட்டாயம். மேலதிகாரியிடம் சொன்னதோடு அந்தக் கடமை முடிகிறதா, நீங்களே நேரடியாகப் புகார் தர வேண்டுமா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

சந்தேகப்படும் ஆளிடம் நேராகப் போய்க் கேட்காதீர்கள். உங்களுக்கு அது நேர்மையாகத் தோன்றலாம். அன்று இரவு அந்த ஆளோடு ஒரே வீட்டில் இருக்கப்போவது குழந்தை. சான்றுகள் மறையும், குடும்பம் ஊரை விட்டே போகலாம். சந்தேகம் உங்கள் நிறுவனத்தில் வேலை செய்பவர் மேலேயே என்றால், "நம் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள் முடித்துக்கொள்வோம்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அதற்கு இணங்காமல் வெளியே உள்ள குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ காவல்துறைக்கோ நேரடியாகச் சொல்லுங்கள்.

பாலியல் கொடுமை சமீபத்தில் நடந்தது என்றால் நேரம் முக்கியம். தடயங்களை எடுக்கவும், தொற்றைத் தடுக்கும் மருந்து கொடுக்கவும் முதல் 72 மணி நேரம் மிக மதிப்பானது. மருத்துவர் பார்க்கும்வரை முடிந்தால் குளிப்பாட்ட வேண்டாம், உடையைத் துவைக்க வேண்டாம். கழற்றிவிட்ட உடையைக் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். 72 மணி நேரம் தாண்டிவிட்டது என்பதற்காகச் சொல்லாமல் விடவும் வேண்டாம். வருடங்கள் கழித்துச் சொன்னாலும் குழந்தைக்கு மருத்துவமும் மனநல உதவியும் தேவை.

10. சொன்ன பிறகு

பெரும்பாலும் உங்களுக்கு எந்தத் தகவலும் வராது. விசாரணை ரகசியமாக நடக்கும், அப்படித்தான் நடக்க வேண்டும். குழந்தையிடம் போய் "யாராவது வந்தார்களா, என்ன கேட்டார்கள்?" என்று துருவாதீர்கள். முன்பு எப்படிப் பழகினீர்களோ அப்படியே பழகுங்கள். விசேஷ இரக்கம் காட்டினால் மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

குறிப்பெடுப்பதை நிறுத்தாதீர்கள். புதிதாக ஏதாவது தெரிந்தால் மறுபடி புகார் கொடுங்கள். முதல் புகாரில் நடவடிக்கை இல்லை என்பது ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. அவர்களிடம் அப்போது போதுமான விவரம் இல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டாவது முறை பேசும்போது முந்தைய புகாரின் தேதியையும், யாரிடம் பேசினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதிவு எண் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இதையெல்லாம் சுமந்துகொண்டு உங்களுக்கே தூக்கம் வரவில்லை என்றால், குழந்தையின் பெயரைச் சொல்லாமல், குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசிவிடுங்கள்.